காரணமா, இடுகுறியா? – கணினி இயங்குதளப் பெயர்கள் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு பொருளின் பெயர் எவ்வாறு ஏற்பட்டது என்று கேட்கும் வழக்கம் தமிழ் இலக்கண மரபில் மிகப் பழைமையானது. காரணம் யாதும் கருதாது, முன்னோர் இட்டு வழங்கியபடியே நாமும் வழங்கும் பெயரை இடுகுறிப்பெயர் என்றும், ஒரு காரணம் பற்றி அமைந்த பெயரைக் காரணப்பெயர் என்றும் நன்னூல் பகுத்துக் காட்டும். மரம், பனை என்பன முன்னதற்கும், பறவை, மரங்கொத்தி என்பன பின்னதற்கும் பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இப்பழைய அளவுகோலைக் கொண்டு நம் காலத்துப் பொருள் ஒன்றன் பெயர்களை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பொருள் கணினியின் இயங்குதளம். கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று, இரண்டையும் இணைத்து ஆளும் மென்பொருளே இயங்குதளம் எனப்படும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியன அவ்வகையின. ஒருமுறை செய்து முடித்ததோடு ஓய்ந்துவிடும் பொருள் அன்று அது. திருத்தமும் சேர்க்கையும் பெற்று மீண்டும் மீண்டும் வெளிவருவது. வெளிவரும் ஒவ்வொரு முறையும், முன்னதிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்ட அதற்கு ஒரு பெயரோ எண்ணோ வேண்டியிருக்கிறது. அதனைப் பார்த்தே நாம் வாங்குகிறோம். பழையது என்று தள்ளுகிறோம். புதியது என்று நம்புகிறோம். ஆதலின் அப்பெயர் உண்மை சொல்கிறதா என்று கேட்பது வீண்வேலை ஆகாது.

ஒரு பதிப்பின் பெயரிடம் நாம் மூன்று வினாக்களுக்கு விடை எதிர்பார்க்கலாம். முதலாவது, இஃது எதற்குப் பின் வந்தது? இரண்டாவது, இஃது எக்காலத்தது? மூன்றாவது, முன்னதிலிருந்து எவ்வளவு மாறியது? இவற்றுள் ஒன்றுக்கேனும் மெய்யான விடை தரும் பெயர் காரணப்பெயர். ஒன்றுக்கும் விடை தாராது வெறும் அடையாளமாய் நிற்பது இடுகுறிப்பெயர். இரண்டில் எதுவும் தன்னளவில் குற்றமுடையது அன்று. குற்றம் எங்கே பிறக்கிறது எனின், இடுகுறியாக இட்ட ஒன்று காரணப்பெயரின் வேடம் புனைந்து வரும்போது பிறக்கிறது. அதனைச் சான்றுகளால் காண்போம்.

தொடக்கத்தில் இருந்த நேர்மை

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கியது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். அவர்கள் தம் தளத்திற்கு எண் இட்ட முறை, நூல் பதிப்பிக்கும் வழக்கத்தை ஒத்தது. தளத்தோடு வழங்கிய கையேடு எத்தனையாவது பதிப்போ, அத்தனையாவது பதிப்பாகவே தளமும் எண்ணப்பட்டது. 1971ஆம் ஆண்டு நவம்பரில் முதற் பதிப்பு; 1975இல் ஆறாம் பதிப்பு; 1979ஆம் ஆண்டு ஜனவரியில் ஏழாம் பதிப்பு. ஏழு என்றால் ஆறுக்குப் பின் வந்தது. அதற்கு மேல் அந்த எண் எதனையும் சொல்லவில்லை. சொல்வதாகப் பாவனையும் செய்யவில்லை.

பின்னர் வணிக மென்பொருள்கள் பெருகியபோது புள்ளியிட்ட எண் பரவலாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினிக்கென 1981இல் டாஸ் 1.0 வந்தது, 1983இல் 2.0, 1984இல் 3.0. புள்ளிக்கு இடப்புறத்து எண் ஏறினால் பெரிய மாற்றம், வலப்புறத்து எண் ஏறினால் சிறிய மாற்றம் என்பது பொது வழக்கு. இப்புள்ளி கணக்கில் வரும் தசமப் புள்ளி அன்று என்பதையும் மனங்கொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் தளம் 2013இல் 10.9 என்றும், 2014இல் 10.10 என்றும் வந்தது. கணக்காசிரியர் பார்வையில் முன்னது பெரியது, பின்னது சிறியது. பதிப்பு வழக்கிலோ, ஒரு நூலின் பத்தாம் இயலில் ஒன்பதாம் பகுதிக்குப் பின் பத்தாம் பகுதி வருவது போன்றது இது.

லினக்ஸ் கருப்பகுதியின் எண்ணீட்டில் ஒரு காலத்தில் இன்னும் நுட்பமான முறை இருந்தது. நடு எண் இரட்டைப்படையானால் நிலைபெற்ற பதிப்பு; ஒற்றைப்படையானால் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு. 2.2, 2.4 ஆகியன நம்பிப் பயன்படுத்தத்தக்கன, 2.3, 2.5 ஆகியன ஆய்வாளர்க்கு உரியன. எண்ணைப் பார்த்த அளவிலேயே நம்பலாமா என்பது விளங்கிற்று. காரணப்பெயர் எனின் இதுவன்றோ காரணப்பெயர்!

2003ஆம் ஆண்டு டிசம்பரில் 2.6 வந்த பிறகு இம்முறை கைவிடப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜூலையில் 2.6.39க்கு அடுத்ததாக 3.0 வந்தது. பெரும் புதுமை எதுவும் இதில் இல்லை, எண் நீண்டுவிட்டது என்பதே காரணம் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கூறிவிட்டார். 2019இல் 4.20க்குப் பின் 5.0 வந்தபோது, கைவிரல் கால்விரல் எல்லாம் எண்ணித் தீர்ந்துவிட்டன என்று நகையாடினார். அதாவது, எண்ணை இடுகுறி ஆக்கினார். ஆக்கியதை ஊரறியச் சொல்லவும் செய்தார். இடுகுறியை இடுகுறி என்றே சொல்லுபவர் எவரையும் ஏமாற்றுவதில்லை.

விண்டோஸ் வரிசை

உலகில் மிகுதியான மேசைக் கணினிகளில் இயங்குவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். நம் ஆராய்ச்சிக்கு மிகுதியான சான்று தருவதும் அதுவே. 1985ஆம் ஆண்டு நவம்பரில் 1.0, 1987இல் 2.0, 1990இல் 3.0; 1992இல் 3.1. இதுவரை வரிசை ஒழுங்காகச் சென்றது.

1993இல் விண்டோஸ் என்.டி. என்னும் புதிய தளம் வந்தது. அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்ட அதற்கு இட்ட எண் 1.0 அன்று, 3.1. அப்போது விற்பனையில் இருந்த விண்டோஸின் எண்ணோடு ஒத்திருத்தல் வேண்டி அவ்வாறு இட்டனர். பிறந்த அன்றே மூன்று வயது நிரம்பிய பிள்ளை அது. எண் தன் காரணத்தை விட்டு விலகத் தொடங்கியது இங்கேதான்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வந்தது, பின் 98. ஆண்டைப் பெயராக்கும் இம்முறை காலம் காட்டும் காரணப்பெயரே. ஆயினும் 2000ஆம் ஆண்டில் அதுவும் கெட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. அது என்.டி. மரபில் வந்தது, உள்ளெண் 5.0. அதே ஆண்டு செப்டம்பரில் ஆயிரத்தாண்டுப் பதிப்பு என்னும் பொருள்படும் விண்டோஸ் மில்லேனியம் வந்தது. அது 95இன் பழைய மரபில் வந்தது, உள்ளெண் 4.90. இரண்டு பெயரும் ஒரே ஆண்டைக் குறிப்பன. பிந்தி வந்ததே மேலானது என்று வாங்குவோர் கருதுவது இயல்பு. உண்மையோ நேர்மாறானது.

தமிழராகிய நமக்கு இதில் தனிச் செய்தி ஒன்று உண்டு. தமிழ் எழுத்தை யூனிகோடு முறையில் தன்னகத்தே கொண்டு வந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000தான். லதா என்னும் தமிழ் எழுத்துரு அதனோடு சேர்ந்தே வந்தது. ஏழு திங்கள் பிந்தி வந்த மில்லேனியத்தின் அடித்தளத்தில் அத்தகைய யூனிகோடு அமைப்பு இல்லை. பழைய மரபின் தளங்களில் தமிழ் எழுத விரும்பியோர், மலேசியாவில் உருவான முரசு அஞ்சல் போன்ற தனி மென்பொருள்களையே நாட வேண்டியிருந்தது. பெயரை நம்பிப் புதியதை வாங்கிய தமிழர், தம் மொழியைப் பொறுத்தவரை பழையதையே வாங்கியவர் ஆயினர்.

அடுத்து வந்தன எக்ஸ்பியும் (2001) விஸ்டாவும் (2007). இவை எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை. நம் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கும் விடை தருவனவல்ல. அழகுக்கு இட்ட இடுகுறிகள் என்று கொண்டு இவற்றை விட்டுவிடலாம்.

ஏழாம் எண்ணின் வழக்கு

2009ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. நம் ஆராய்ச்சியின் நடுநாயகமான வழக்கு இதுவே. ஏழு என்றால் எதனின் ஏழு? நிறுவனம் 2008இல் தந்த விளக்கத்தின் சாரம் இது: 1, 2, 3 ஆகியன மூன்று, 95உம் அதன் வழிவந்தனவும் சேர்ந்து நான்கு, 2000மும் எக்ஸ்பியும் ஐந்து, விஸ்டா ஆறு, ஆகவே அடுத்தது ஏழு.

கேட்பதற்கு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் உள்ளெண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 2000இன் உள்ளெண் 5.0; எக்ஸ்பியினது 5.1. விஸ்டாவின் உள்ளெண் 6.0, விண்டோஸ் 7இன் உள்ளெண் 6.1. எக்ஸ்பி தனக்கு முந்தியதைவிட ஒரு புள்ளி ஏறியது. அதனை ஐந்தனுள் அடக்கினர். விண்டோஸ் 7உம் தனக்கு முந்தியதைவிட ஒரு புள்ளியே ஏறியது; அதற்கோ தனி எண் கொடுத்தனர். ஒரே அளவு ஏறிய இரண்டனுள் ஒன்று எண்ணப்படாமலும் மற்றொன்று எண்ணப்பட்டும் நிற்பதற்கு விதி யாது? 5.1ஐ ஐந்தில் சேர்க்கும் விதி 6.1ஐ ஆறில் சேர்க்க வேண்டும், 6.1 தனித்து நிற்கும் எனின் 5.1உம் தனித்து நின்றிருக்க வேண்டும். எந்த விதியைக் கொண்டாலும் ஏழு என்னும் விடை வரவில்லை.

ஆகவே ஏழு என்பது எண்ணி வந்த எண் அன்று. விரும்பி இட்ட எண். அது தவறா எனின், இட்டது தவறன்று. இட்டுவிட்டு எண்ணிக் காட்டியதே தவறு. இடுகுறிக்குக் காரணம் கற்பிக்கும்போதே ஐயம் பிறக்கிறது.

அதன் பின் 2012இல் 8, 2013இல் 8.1; 2015இல் 10. இடையே ஒன்பது காணப்படவில்லை. பழைய நிரல்கள் சில, தளத்தின் பெயர் விண்டோஸ் 9 என்று தொடங்கினால் அது 95 அல்லது 98 என்று கொள்ளுமாறு எழுதப்பட்டிருந்தன. அவை மயங்காதிருக்கவே ஒன்பதைத் தாண்டினர் என்று பலர் கூறுவர். அத்தகைய வரிகள் சில நிரல்களில் இருந்தது மெய். அதுவே காரணம் என்று நிறுவுதற்கு இல்லை. வரிசையெண் வரிசை தவறும்போது, காரணம் கூறுவோர் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதாகிறது என்பது மட்டும் உறுதி.

விண்டோஸ் 10இல் ஒரு நன்மை நிகழ்ந்தது. உள்ளெண்ணும் 10.0 ஆயிற்று. பல்லாண்டுகட்குப் பின் உள்ளும் புறமும் ஒன்றாயின. அந்த ஒற்றுமையும் நீடிக்கவில்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வந்த விண்டோஸ் 11இன் உள்ளெண் இன்றும் 10.0தான். கட்டு எண் 22000 அல்லது அதற்கு மேற்பட்டதானால் அது 11 என்று நிரலாளர் கண்டுகொள்ள வேண்டும்.

நிரலிடம் சொல்லும் பொய்

உள்ளெண் ஏன் இவ்வாறு தயங்கித் தயங்கி ஏறுகிறது? இதற்கு நிறுவனங்களை மட்டும் குறை கூறுதல் நடுநிலை ஆகாது. பெயரைப் படிப்பவர் நாம் மட்டும் அல்லர், நிரல்களும் படிக்கின்றன. ஒரு நிரல் தொடங்கும்போது, தான் நிற்கும் தளத்தின் எண் என்ன என்று கேட்கிறது. தனக்குத் தேவையான எண்ணுக்குக் குறைந்ததாயின் இயங்க மறுக்கிறது. இக்கேள்வியைப் பிழையாக எழுதிய நிரலாளர் பலர்.

எடுத்துக்காட்டாக, 3.1க்கு மேற்பட்ட தளம் வேண்டும் என்று சோதிக்க நினைத்தவர், இடப்புறத்து எண் 3க்குக் குறையக்கூடாது, வலப்புறத்து எண் 10க்குக் குறையக்கூடாது என்று தனித்தனியே எழுதிவிட்டனர். 3.1 என்பது உள்ளே 3.10 என்று வழங்கியதால் அப்போது அது சரியாக இருந்தது. அந்நிரல் 4.0 என்னும் எண்ணைச் சந்தித்தால் என்ன ஆகும்? வலப்புறத்து எண் சுழி, பத்துக்குக் குறைவு, நிரல் இயங்க மறுக்கும். புதிய தளத்தைப் பழைய தளம் என்று தள்ளிவிடும். இதனாலேயே, மெய்யான உள்ளெண் 4.0 ஆகிய விண்டோஸ் 95, பழைய நிரல்களிடம் தன் எண் 3.95 என்று சொல்லிக்கொண்டது.

இது விண்டோஸுக்கு மட்டும் நேர்ந்ததன்று. லினக்ஸ் 3.0 ஆனபோது, 2.6 என்ற தொடக்கத்தையே எதிர்பார்த்திருந்த நிரல்களுக்காக, தன்னை 2.6.40 என்று காட்டிக்கொள்ளும் வழி ஒன்றை அதனுள் அமைத்தனர். இருபதாண்டளவு 10 என்னும் எண்ணிலேயே நின்ற மேக் தளம் 2020இல் 11 ஆனபோது, பழைய நிரல்களிடம் தன்னை 10.16 என்று காட்டிக்கொண்டது. விண்டோஸ் 8.1 முதல், புதிய தளத்தை அறிவேன் என்று முன்னரே அறிவித்துக்கொள்ளாத நிரலுக்கு 8இன் எண்ணாகிய 6.2 என்பதே விடையாகக் கிடைக்கிறது.

வெவ்வேறு நிறுவனத்தார், வெவ்வேறு காலத்தில், ஒரே தேவையால் ஒரே தந்திரத்தைக் கையாண்டனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பொருள் இயங்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் சொன்ன பொய் அது. ஆகவே தளத்திற்கு உள்ளே ஓர் எண்ணும் வெளியே ஒரு பெயரும் இருத்தல் தவிர்க்க இயலாதது. வெளிப்பெயர் தன்னை உள்ளெண்போல் காட்டிக்கொள்வதுதான் தவிர்க்கத்தக்கது.

விலங்கும் இனிப்பும்

எண்ணை விட்டுப் பெயரை நாடியோரையும் பார்ப்போம். மேக் தளத்தின் பத்தாம் தலைமுறை 2001ஆம் ஆண்டு மார்ச்சில் வந்தது. 2012 வரை அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் பூனை இனத்து விலங்கின் பெயர் வழங்கிற்று: சீட்டா, பூமா, ஜாகுவார், பேந்தர், டைகர், லெப்பர்டு, ஸ்னோ லெப்பர்டு, லயன், மவுண்டன் லயன். இவற்றுள் பூமாவும் மவுண்டன் லயனும் ஒரே விலங்கின் இரு பெயர்கள் என்பது வேடிக்கை. ஒரு பொருட் பன்மொழி கணினியிலும் புகுந்துவிட்டது!

வெறும் இடுகுறிபோல் தோன்றும் இவ்வரிசையில் நுட்பம் ஒன்று உண்டு. லெப்பர்டுக்குப் பின் வந்த ஸ்னோ லெப்பர்டு, பெரும் புதுமைகளைச் சேர்க்காது, முன்னதனைச் செப்பம் செய்வதையே நோக்கமாகக் கொண்டது. பெயரும் முன்னதன் பெயரையே அடைகொடுத்து வழங்கிற்று. லயனுக்குப் பின் மவுண்டன் லயனும், பின்னாளில் சியராவுக்குப் பின் ஹை சியராவும் இவ்வாறே வந்தன. அடை சேர்ந்தால் சிறு மாற்றம். பெயரே மாறினால் புதுப்பொருள். எவ்வளவு மாறியது என்னும் மூன்றாம் வினாவுக்கு, எண் ஒன்றும் இன்றியே இப்பெயர்கள் விடை தந்தன. ஏழு என்னும் எண் செய்யாத பணியைப் பனிச்சிறுத்தை செய்தது.

ஆண்ட்ராய்டு தளம் 2009இல் கப்கேக் என்று தொடங்கி, 2018இல் பை என்பது வரை இனிப்புப் பண்டங்களின் பெயரை ஆங்கில நெடுங்கணக்கு முறையில் வழங்கிற்று. வரிசை அறிய அது உதவியது. ஆனால் ஆங்கில நெடுங்கணக்கு அறிந்தோருக்கு மட்டுமே உதவியது. அன்றியும், 4.1, 4.2, 4.3 ஆகிய மூன்று பதிப்புக்கும் ஜெல்லி பீன் என்னும் ஒரே பெயர் வழங்கியதால், பெயர் சொன்ன அளவில் எப்பதிப்பு என்று துணிய இயலவில்லை. 2019இல் கூகுள் நிறுவனம் இவ்வழக்கத்தை விட்டு, ஆண்ட்ராய்டு 10 என்று எண்ணுக்கே வந்தது. சில மொழிகளில் எல், ஆர் ஒலிகள் வேறுபடுவதில்லை. சில நாடுகளில் பை என்பது இனிப்புப் பண்டம் அன்று. உலகோர் அனைவர்க்கும் இப்பெயர்கள் விளங்குவதில்லை என்று அந்நிறுவனமே காரணம் கூறிற்று. பெயர் தன் ஊர் எல்லையைத் தாண்டும்போது காரணம் உதிர்ந்து இடுகுறியாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

இதே பிழையை மைக்ரோசாப்டும் செய்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் வெளியீட்டுக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் இலையுதிர்காலப் பெயர் சூட்டினர். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே காணும் மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் இலையுதிர்காலம் ஏது? ஆஸ்திரேலியருக்கோ அக்டோபர் இளவேனிற்காலம்!

காலத்தைப் பெயராக்கல்

எஞ்சி நிற்பது ஆண்டும் திங்களும் கொண்டு பெயரிடும் முறை. இதனைச் செம்மையாகக் கையாள்வது உபுண்டு. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தமையின் அதன் முதற்பதிப்பு 4.10. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு பிந்தி ஜூனில் வந்தது. எண்ணையும் 6.04 என்று வைத்திராமல் 6.06 என்று மாற்றினர். தாமதத்தை மறைக்காமல் பெயரிலேயே பொறித்துக்கொண்ட இச்செயல் பாராட்டுக்குரியது. நீண்டகாலக் காப்புடைய பதிப்புக்கு ஐந்தாண்டுப் பொதுக் காப்பு என்பது விதி. 20.04 என்ற எண்ணைக் கண்டால், அது 2020 ஏப்ரலில் பிறந்தது என்றும், 2025இல் அதன் பொதுக் காப்பு முடிவது என்றும் ஒரு சிறுவனும் கணக்கிடலாம்.

விண்டோஸ் 10உம் இம்முறையைப் பின்பற்ற முயன்றது. 1507, 1511, 1607, 1703 என நான்கிலக்க எண்கள் வந்தன. முதலிரண்டு இலக்கம் ஆண்டு, பின்னிரண்டு திங்கள். ஆனால் 1709 வெளிவந்தது அக்டோபரில். 1903 வெளிவந்தது மே மாதத்தில். எண் காட்டியது ஆக்கி முடித்த காலத்தையே ஒழிய, நம் கைக்கு வந்த காலத்தை அன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் 2004 என்னும் வெளியீடு வந்தபோது, அது பதினாறாண்டுப் பழையது என்று ஒருவர் மயங்கினால் அவரைக் குறை சொல்ல இயலுமா? பின்னர் 20 ஹெச் 2 என்று ஆண்டின் இரண்டாம் பாதியைக் குறிக்கும் முறைக்கு மாறினர். ஆப்பிள் நிறுவனமோ 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் தளங்கள் அனைத்துக்கும் 26 என்று எண்ணிட்டது. கைப்பேசித் தளம் 18இலிருந்தும், மேக் 15இலிருந்தும், கைக்கடிகாரத் தளம் 11இலிருந்தும் ஒரே தாவாகத் தாவின. பிறந்த ஆண்டை விட்டு, வரும் ஆண்டைச் சுட்டுவது இது. பலவற்றை ஓரணியில் நிறுத்தியது நன்மை. பிறந்த நாளை ஓராண்டு தள்ளி எழுதியது குறை.

இழப்பு யாருக்கு?

இவை வெறும் பெயர்தானே, இதில் என்ன கேடு என்று கேட்போர் உண்டு. பிஸ்கோத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் தின்போர்க்குக் கேடில்லை. இயங்குதளம் அத்தகையது அன்று. அதற்குக் காலாவதி உண்டு. நிறுவனம் பாதுகாப்புத் திருத்தம் வழங்குவதை நிறுத்திய நாள் முதல், அத்தளத்தில் காணப்படும் புதிய ஓட்டைகள் அடைபடா. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கேட்டுநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளையும் முடக்கிற்று. அதனைத் தடுக்கும் திருத்தம் இரண்டு திங்கட்கு முன்பே, மார்ச்சில், வெளிவந்துவிட்டது. ஒரே பெயருடைய கணினிகளுள் திருத்தம் பெற்றவை தப்பின, பெறாதவை சிக்கின. பெயர் ஒன்றாயினும் உள்ளிருந்த பதிப்பு வேறு.

விண்டோஸ் 8 என்னும் பெயரையும் 8.1 என்னும் பெயரையும் நோக்குக. ஒரு புள்ளி வேறுபாடுதானே என்று எவரும் எண்ணுவர். ஆயின் 8க்குக் காப்பு முடிந்தது 2016ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், 8.1க்கு முடிந்தது 2023ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள். ஒரு புள்ளியில் ஏழாண்டு அடங்கியிருந்தது. விண்டோஸ் 10 என்று திரையில் காட்டிய கணினி, முதல் வெளியீடாகிய 1507இலேயே நின்றிருந்தால், 2017ஆம் ஆண்டு மே மாதமே பொதுக் காப்பை இழந்துவிட்டது. பெயர் மட்டும் புதியதாகவே நின்றது.

இன்னொன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த மைக்ரோசாப்ட் மாநாட்டில், விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்ற பொருள்பட அந்நிறுவன அலுவலர் ஒருவர் பேசினார். ஏடுகள் அதனைப் பரப்பின. இனி விண்டோஸ் இடைவிடாது புதுக்கப்படும் சேவை என்று நிறுவனமும் விளக்கிற்று. ஆறாண்டில் 11 வந்தது. பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10இன் இயல்பான காப்பு முடிந்தது. கடைசி என்ற சொல்லை நம்பி வாங்கியவர்களுள் பலர், நன்றாக ஓடும் கணினியைக் கழிப்பதா, நீட்டித்த காப்பைப் பெற்று ஓராண்டு தள்ளுவதா என்று எண்ணும் நிலைக்கு ஆளாயினர். இவ்வகை இழப்பு தொழில் வல்லுநரைத் தாக்குவதில்லை. அவர் கட்டு எண்ணைப் பார்த்து அறிந்துகொள்வார். தாக்குவது சிறு கடைக்காரரையும், பள்ளி ஆசிரியரையும், முதியோரையுமே. பெயரை மட்டும் நம்பி வாழ்வோர் அவர்கள்தாம்.

தமிழில் எழுதுவோர் செய்யத்தக்கது

நிறுவனங்களின் பெயரீட்டை நாம் மாற்றிவிட இயலாது. ஆயினும் நம் மொழியில் எழுதும்போது குழப்பத்தை மேலும் பெருக்காமல் இருக்கலாம். இன்று தமிழில் எல்லாவற்றையும் பதிப்பு என்கிறோம். 10, 11 என்பதும் பதிப்பு. 22 ஹெச் 2 என்பதும் பதிப்பு. வீட்டுக்குரியது, தொழிலுக்குரியது என விற்பனைக்காகப் பிரித்த பிரிவும் பதிப்பு. ஒரு சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடும் தமிழில் மறைந்துவிடுகிறது.

10, 11 என்பனவற்றைத் தலைமுறை என்றும், ஆண்டுதோறும் வருவதை வெளியீடு என்றும், விற்பனைப் பிரிவை வகை என்றும், உள்ளே நிற்கும் எண்ணைக் கட்டு எண் என்றும் வரையறுத்து வழங்கினால் தெளிவு பிறக்கும். பதிப்பு என்னும் சொல் இவை அனைத்துக்கும் பொதுப்பெயராய் நிற்கட்டும். விண்டோஸ் என்பதைச் சாளரங்கள் என்று பெயர்க்க வேண்டியதில்லை, அது சிறப்புப்பெயர். இன்னும் ஒன்று: நம் ஏடுகள் ஓர் இயங்குதளத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம், அது வெளிவந்த ஆண்டையும் காப்பு முடியும் ஆண்டையும் பெயரோடு சேர்த்தே அச்சிடுதல் நன்று. பால்மாவு டின்னில் காலாவதி நாளை அச்சிட வேண்டும் என்று கேட்கும் நாம், கணினிக்கும் அதனைக் கேட்பதில் தவறு என்ன?

முடிவாகச் சொல்லத்தக்கது இது. உபுண்டுவின் எண் போன்ற நேர்மையான காரணப்பெயர் தலையாயது. டோர்வால்ட்ஸின் எண்ணும் ஆப்பிளின் விலங்குகளும் போன்ற வெளிப்படையான இடுகுறி இடையாயது. ஏழு என்றும் பத்து என்றும் எண்ணுருவில் வந்து, எண்ணிப் பார்த்தால் கணக்கு ஒவ்வாத பெயர் கடையாயது. அடுத்த தலைமுறைத் தளம் எப்பெயர் பூண்டு வந்தாலும், எதற்குப் பின் வந்தாய், எப்போது வந்தாய், எவ்வளவு மாறினாய் என்னும் மூன்று வினாக்களை அதனிடம் கேட்போம். விடை இறுத்தால் நம்புவோம். இல்லையேல் பெயரை ஒதுக்கிவிட்டு, காப்பு முடியும் நாளைத் தேடிப் பார்த்தே பொருளை வாங்குவோம்.